டைம் ஆபீஸ் அனுசுயா

அவிநாசியிலிருந்து சேவூர் போகிற சாலையில் இருந்த அந்த பனியன் கம்பெனியில், முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமலே வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் உண்டு. அனுசுயாவைப் பார்க்காமல் உள்ளே கால் வைத்தவர்கள் கிடையாது. தையலோ, அயர்னிங்கோ, பேக்கிங்கோ, எந்த வேலைக்குச் சேருகிறவரும் முதலில் டைம் ஆபீஸுக்குத்தான் வர வேண்டும். பேர், ஊர், அப்பா பேர், வீட்டு போன் நம்பர், ஆதார் எல்லாவற்றையும் அனுசுயா கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சுவரில் தொங்கிய நீலத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பாள். "மொகத்த நிமித்துங்க. ஜெயிலுக்கா வந்திருக்கீங்க, சிரிச்ச மாதிரி வச்சுக்கங்க" என்பாள். அத்தனையும் சேர்ந்து ஒரு அட்டையாக வெளியே வரும். அந்த அட்டையைக் காட்டினால்தான் கேட் திறக்கும். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், கம்பெனி ஹாஸ்டலில் எந்த ரூமில் எந்தக் கட்டில் என்பது வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா வந்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்த வருடத்தில், அவளுடைய அப்பா குடும்பத்தோடு பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தார். பத்தாவது பரீட்சை எழுதின கையோடு அவள் கைமடியாகச் சேர்ந்தாள். தையல்காரர் பக்கத்தில் நின்று தைத்த துணியை வாங்கி மடித்து, அடுத்த துணியை எடுத்துக் கொடுக்கிற வேலை. நின்று நின்று சாயங்காலத்தில் குதிகால் எரியும். அப்புறம் செக்கிங் மேஜை, தைத்த உருப்படியில் குறை தேடுகிற வேலை. அதற்கு நடுவில் பிளஸ் டூவைத் தனியாக எழுதினாள், அஞ்சல் வழியில் பி.காம். படித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசியில் ஒரு மாடியறையில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். அவளைக் கட்டிக்கொண்ட மாதவன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதிகம் பேசாத மனுஷன். அவள் பரீட்சைக்குப் படித்த நாட்களில் சமையலை அவனே பார்த்துக்கொண்டான்; அதை வெளியில் சொல்லிக்கொண்டதும் இல்லை.

செக்கிங் மேஜையிலிருந்து டைம் ஆபீஸுக்கு மாறின அன்று, உட்கார்ந்து வேலை பார்ப்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். அந்தக் கூச்சம் போகவே ரொம்ப நாள் ஆயிற்று. போன பிறகு ஒரு மிடுக்கு வந்தது. அது அவளுக்கே தெரியும். வந்தால் என்ன, தப்பா என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் அங்கே இருப்பதால் கம்பெனிக்கு இன்னொரு லாபமும் இருந்தது. அவளுடைய ஊர்ப் பக்கத்து ஜனங்கள் வயதுப் பெண்பிள்ளைகளை ஹாஸ்டல் வேலைக்கு அனுப்பத் தயங்குவார்கள். "அங்க நம்ம அனுசுயா இருக்கா" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் தயக்கம் போய்விடும். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் தரணி. அனுசுயாவுடைய பெரியம்மா மகள் ஒச்சாயியின் பெண். பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுடைய அப்பா சீனிச்சாமி கேட் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "இந்தா, உன்கிட்ட ஒப்படைச்சாச்சு. இனி நீயாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தரணிக்குக் கை நல்ல கை. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினை மற்றவர்கள் பயந்து பயந்து மிதித்துக்கொண்டிருந்தபோது, அவள் அதைச் சைக்கிள் ஓட்டுவதுபோல ஓட்டினாள். சாம்பிள் செக்‌ஷன் மாஸ்டர் குமாரவேல், வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புகிற மாதிரி உருப்படிகளைத் தைக்கிறவர், யாரையும் லேசில் மெச்சாதவர். அவரே அனுசுயாவிடம் வந்து, அந்தப் பெண்ணைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனால் காகிதத்தில் அளவு போட்டுப் பேட்டர்ன் வெட்டப் பழகலாம், பிறகு எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு உட்கார வைக்கும். தரணி ஹாஸ்டல் கட்டிலில் பேப்பரைப் பரப்பி, சின்னச் சின்னச் சட்டைக் கை, கழுத்து எல்லாம் வரைந்து வெட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். "சித்தி, நான் ஊருக்குப் போனா நானே டிசைன் பண்ணுன சட்டையத்தான் அம்மாவுக்கு எடுத்துட்டுப் போவேன்" என்றாள்.

அப்போதுதான் டைம் ஆபீஸில் அட்டை படிக்கிற கருவி நின்றுபோனது.

அந்த அட்டைகளையும் கருவியையும் போட்டுக் கொடுத்த கோயம்புத்தூர்க் கம்பெனியோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. வெட்டிச் செலவு என்று நித்தீஷ் சொல்லிவிட்டான். நித்தீஷ் முதலாளியின் மகன். படிப்பை முடித்துவிட்டு வந்து கம்பெனியைக் கையில் எடுத்திருந்தான். கெட்ட பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வயதில் மூத்த பெண்களை அக்கா என்றுதான் கூப்பிடுவான், வாங்க போங்க என்றுதான் பேசுவான். ஆனால் எதற்கும் பொறுமை கிடையாது. அடுத்த வாரம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் தணிக்கைக்கு வருவதாக இருந்தது. ஆட்களை அதிக நேரம் வேலை வாங்குகிறார்களா என்று அட்டைப் பதிவைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

கோயம்புத்தூர்க்காரர்களைக் கூப்பிடலாமா என்று அனுசுயா கேட்டாள். அவர்கள் வந்து சேருவதற்குள் தணிக்கையே முடிந்துவிடும் என்றான் நித்தீஷ். ஆன்லைனில் ஒரு புதுக் கருவிக்கு ஆர்டர் போட்டான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதோடு சி.டி. எதுவும் இல்லை. புரியாத மொழியில் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரில் சொருகினால் ஒன்றும் நடக்கவில்லை. அட்டையைப் படிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அது நெட்டில் சும்மாவே கிடைக்கும், இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நித்தீஷ் போனில் சொன்னான்.

அனுசுயா தேடினாள். கருவியின் பேரைப் போட்டதும் நிறைய தளங்கள் வந்தன. மேலே இருந்த ஒன்றைத் திறந்தாள். அதே கறுப்புப் பெட்டியின் படம், கீழே பெரிய பச்சைப் பொத்தான். அதை அமுக்கினாள். இறங்கி முடிக்கும்போது திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் எழும்பியது. ஆண்டி வைரஸ். இந்தக் கோப்பு ஆபத்தானது, தடுத்துவிட்டேன் என்றது.

அவள் கை நின்றது. அது என்னவென்று அவளுக்கு முழுதாகத் தெரியாவிட்டாலும், சிவப்பு என்றால் என்ன என்று தெரியும். உடனே நித்தீஷுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, வைரஸ்னு காட்டுது. வேற தளத்துல பாக்கட்டுமா?"

"அக்கா, அது எல்லாத்துக்கும் அப்பிடித்தானுங்க்கா கத்தும். கொஞ்ச நேரம் அதை ஆஃப் பண்ணிப் போட்டுட்டு, இதை ஏத்துங்க. ஏறுனதுக்கப்புறம் திரும்ப ஆன் பண்ணிக்கலாம்."

"பெரிய கம்ப்யூட்டருங்க தம்பி. எல்லார் விவரமும் இதுலதான் இருக்கு."

"நாந்தான் சொல்றனல்லங்க்கா. நான் வெளிய இருக்கேன், மத்தியானத்துக்குள்ள முடிச்சு வையுங்க."

அவள் ஆஃப் பண்ணினாள். சாஃப்ட்வேர் ஏறியது. தன்னுடைய அட்டையையே எடுத்துக் கறுப்புப் பெட்டியின் மேல் வைத்தாள். கீச்சென்று ஒரு சத்தம். அவளுடைய முகம் திரையில் வந்து நின்றது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

தணிக்கை ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. நித்தீஷ் அவளை அப்பாவின் அறைக்குக் கூப்பிட்டு, "நம்ம அனுசுயாக்கா இருக்கறப்ப தனியா கம்ப்யூட்டர் ஆளே வேண்டாமுங்கப்பா" என்றான். ஈஸ்வரமூர்த்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாதவனிடம் அதைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். சாப்பிடும்போது அவளே மறுபடியும் ஒருமுறை சொன்னாள்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகிப் போனது. ஒருநாள் அவள் கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்ததுபோல இருந்தது. வெயில் சூட்டில் மவுஸ் கெட்டிருக்கும் என்று துடைத்து வைத்தாள்.

தணிக்கை நடந்து சில வாரம் கழித்து ஹாஸ்டல் பெண்களுக்குப் போன் வர ஆரம்பித்தது. தெரியாத நம்பர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதலில் பெண்கள் சிரித்துக்கொண்டார்கள், யாரோ தெரிந்த பையன்கள் விளையாடுகிறார்கள் என்று. பிறகு ஊர் பேரைச் சொன்னார்கள். அப்பா பேரைச் சொன்னார்கள். எந்த ரூமில், எந்தக் கட்டிலில் படுக்கிறாய் என்பதைச் சொன்னார்கள். வீடியோ காலில் வா, வராவிட்டால் உங்கள் வீட்டுக்குப் பேசுவேன் என்றார்கள். ஒரு பெண் மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு அழுதாள். வார்டன் பழனியம்மாள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினாள். நீங்களாக நம்பரைக் கொடுக்காமல் எவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவள் கேள்வி.

அனுசுயாவும் அந்த வரிசைக்கு முன்னால் வந்து நின்று, இன்ஸ்டாவில் எவனோடு பேசுகிறீர்கள் என்று அதையேதான் கேட்டாள். அதை நினைத்தால் பின்னாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. பிறகு தரணியைத் தனியாக டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இன்ஸ்டாவில் யாரோடு பேசுகிறாய், ரீசார்ஜ் கடையில் நம்பரைக் கொடுத்தாயா, உண்மையைச் சொல் என்று நெருக்கினாள். தரணி யாருக்கும் கொடுக்கவில்லை என்றாள். மறுபடியும் கேட்டபோது, "நீங்களுமா சித்தி?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தன்னைக் கூப்பிட்டவனின் நம்பரை அவள் பிளாக் செய்திருந்தாள். வேறு நம்பரில் வந்தான். அதையும் செய்தாள்.

அவன் சொன்னபடியே சீனிச்சாமிக்குப் பேசினான்.

ஒரு காலையில், ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, சீனிச்சாமி கேட்டில் வந்து நின்றார். ராத்திரி பஸ்ஸில் வந்த கசங்கின வேட்டி. அனுசுயா ஓடிப்போய், "வாங்க மச்சான்" என்றாள். அவர் செல்போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

தரணியின் போட்டோ. அதற்குக் கீழே, நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வருடமாகப் பழகுகிறோம், உங்கள் பெண் எனக்குத்தான் என்று எழுதியிருந்தது. பேசினவன் நம்ம ஊர்த் தமிழில் பேசினான், பெண் என்ன ஷிப்டு, எந்தக் கட்டில், என்றைக்கு ஊருக்கு வந்து போனாள் என்பது வரைக்கும் விரல் விட்டுச் சொன்னான் என்றார் சீனிச்சாமி.

அனுசுயாவின் காதில் அதெல்லாம் பாதிதான் விழுந்தது. அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரணிக்குப் பின்னால் நீலத் துணி. துணியின் வலது ஓரத்தில் ஆணி கிழித்த கிழிசல். முகத்தை நிமிர்த்து என்று சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற முகம். அதை எடுத்தவள் அவள்தான். அட்டையில் முகம் மட்டும் தபால்தலை அளவில்தான் இருக்கும்; நீலத் துணியோடு இந்த முழுப் போட்டோ யாருடைய செல்போனிலும் கிடையாது, தரணியிடம்கூடக் கிடையாது. டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

"மச்சான், இது எங்க ஆபீஸ்ல எடுத்த போட்டோ. எவனோ திருடியிருக்கான். பிள்ள மேல தப்பில்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டிருக்க வரவில்லை. பெட்டியை எடுத்து வரச் சொன்னார். தரணி வெட்டி வைத்த பேப்பர்களை எடுக்கப் போனபோது, "குப்பையெல்லாம் எதுக்கு" என்றார். அவள் அவற்றைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தாள். சாம்பிள் செக்‌ஷனுக்கு அவள் மாற வேண்டிய நாள் அடுத்த திங்கட்கிழமை.

அனுசுயா நேராக நித்தீஷிடம் போனாள். திருப்பூரிலிருந்து கம்ப்யூட்டர் ஆள் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அட்டை படிக்கிற சாஃப்ட்வேர் என்று இறக்கியதற்குள் இன்னொன்று ஒளிந்து வந்திருக்கிறது, அட்டையையும் படித்திருக்கிறது, கூடவே உள்ளே இருந்த அத்தனையையும் அள்ளி வெளியே அனுப்பிக்கொண்டும் இருந்திருக்கிறது என்றார். இப்படி எடுத்த விவரங்களை மொத்தமாக விற்றுவிடுவார்கள், யார் யார் வாங்கினார்கள் என்று இனி சொல்ல முடியாது. ஆண்டி வைரஸ் அன்றைக்கே தடுத்திருக்கிறது, யாரோ அதை நிறுத்திவிட்டு ஏற்றியிருக்கிறார்கள். அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அறையில் ஈஸ்வரமூர்த்தி, நித்தீஷ், அனுசுயா மூன்று பேரும் இருந்தார்கள்.

அவர் போன பிறகு ஈஸ்வரமூர்த்தி மகனைப் பார்த்தார்.

"நான் கார்டு ரீடர் வாங்கிக் குடுத்தனுங்கப்பா. எது சரியான சாஃப்ட்வேருன்னு பாத்து எறக்கறது டைம் ஆபீஸ் வேலைதானுங்க" என்றான் நித்தீஷ்.

"நீங்கதான தம்பி ஆஃப் பண்ணிட்டு ஏத்தச் சொன்னீங்க" என்றாள் அனுசுயா.

"நான் எதுக்குங்க்கா அப்பிடிச் சொல்லப் போறேன்?" அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

போனில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி ஏது? தவிர, பச்சைப் பொத்தானை அமுக்கினது அவளுடைய விரல்தான், சிவப்புக் கட்டத்தை அணைத்ததும் அவளுடைய விரல்தான். அதை அவளே மறுக்கவில்லை. தன் பங்கை எடுத்துக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவனுடைய பங்கையும் சேர்த்துத் தன் தலையில் வைப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி நல்ல மாதிரியாகப் பேசினார். அவர் எப்போதும் நல்ல மாதிரியாகத்தான் பேசுவார். "அம்மிணி, தப்பு நடந்து போச்சு, யாரும் வேணும்னு பண்றதில்ல. நான் உன்னைய ஒண்ணும் சொல்லல. விட்டுரு" என்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். பெண்களின் வீடுகளுக்கெல்லாம் கம்பெனி பேரில் ஒரு தாள் அனுப்ப வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் பெண்ணின் விவரம் திருடு போய்விட்டது, யாராவது போன் செய்து எதையாவது சொன்னால் நம்பாதீர்கள் என்று. அவ்வளவுதான்.

"அதை எழுதி அனுப்புனா அடுத்த மாசம் ஹாஸ்டல்ல ஒரு புள்ள இருக்குமா? பையர் காதுக்குப் போனா ஆர்டர் இருக்குமா? எழுநூறு குடும்பம் பொழைக்குது அம்மிணி இதை நம்பி" என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்தது. கம்ப்யூட்டரை மாற்றினார்கள். கோயம்புத்தூர்க்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹாஸ்டலில் போன் வந்த பெண்களுக்கெல்லாம் புது சிம் வாங்கிக் கொடுத்து, இனி ஒழுங்காக இருங்கள் என்று வார்டனை விட்டுச் சொல்லவைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுசுயா ஊருக்குப் பஸ் ஏறினாள். மாதவன் தானும் வருகிறேன் என்றான். வேண்டாம், இது நான் சொல்ல வேண்டியது என்றாள்.

சீனிச்சாமி வீட்டில் அவளை உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். தரணி உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அனுசுயா எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னாள். அட்டை, கருவி, நெட்டிலிருந்து இறக்கினது, உள்ளே ஒளிந்து வந்தது. பஸ்ஸில் வரும்போதே எந்த வார்த்தையைப் போட்டால் புரியும் என்று யோசித்து வைத்திருந்தாள். "வீட்டுச் சாவிய நான் திருடன் கைல குடுத்த மாதிரி மச்சான். தெரியாமக் குடுத்துட்டேன். தப்பு என்னுது. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

சீனிச்சாமி கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஒரு மிசினு, எம்மக எந்தக் கட்டில்ல படுக்கான்னு ஊரான்ட்டப் போய்ச் சொல்லுமா?" என்றார்.

"சொல்லும் மச்சான். சொல்லியிருக்கு."

"நீ சித்திக்காரி. அவளக் காப்பாத்தத்தான் பேசுவ. உன்ன நம்பி அனுப்புனோம், நடந்தது உனக்கும் தெரிஞ்சிருக்கும். இப்ப பழிய நீ தூக்கிப் போட்டுக்கிட்டா எல்லாம் சரியாயிருமா?"

கம்பெனியில், வேண்டாம் என்றாலும் பழியை அவள் தலையில் வைத்தார்கள். இங்கே அவளே எடுத்து வைத்துக்கொண்டாலும் அது நிற்கவில்லை. எங்கிருந்தோ போன் செய்த முகம் தெரியாத ஒருத்தன் சொன்னதை நம்பினார்கள். பொய்யென்றால் அவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்ற கேள்விக்கு முன்னால் அவளுடைய சாஃப்ட்வேர் கதை ஒன்றுமில்லாமல் போனது.

ஒச்சாயி மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். "நீ சொல்றது எனக்குப் பாதி விளங்குது அனுசுயா. ஆனா இவுகளுக்கு விளங்க வைக்க என்னால ஆகாது. உங்க கம்பெனிக்காரவுகள ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லு. சீல் வச்சு. அதப் பாத்தா நம்புவாக" என்றாள். சீக்கிரம் கொண்டு வா, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

அனுசுயா திங்கட்கிழமை காலையில் நித்தீஷின் அறை வாசலில் நின்றாள். எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம், ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு தாள் என்றாள். பார்க்கலாம் என்றான். மறுநாளும் நின்றாள். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றான். அடுத்த முறை, எழுத்தில் எதையும் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டதாகச் சொன்னான். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதுங்க்கா" என்றான். கஷ்டப்பட்டிருக்கவும் கூடும். அவள் அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் இல்லை.

அதற்கப்புறம்தான் போலீஸுக்குப் போனாள். மாதவனும் கூட வந்தான். புகாரை வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். போன் வந்த நம்பர்கள் எல்லாம் யார் யார் பேரிலோ வாங்கின சிம், அதில் ஒன்று இறந்துபோன ஒரு கிழவர் பேரில் இருக்கிறது என்று பின்னால் சொன்னார்கள். ரசீதை ஒச்சாயியிடம் காட்ட எடுத்துப்போக நினைத்தாள். அதற்குள் போன் வந்துவிட்டது. தரணிக்கு நிச்சயம் முடிந்தது, மாப்பிள்ளை சீனிச்சாமியின் அக்கா மகன், தேனிப் பக்கம் லாரி வைத்திருக்கிறான், தரணியைவிட ரொம்ப மூத்தவன், விஷயம் தெரிந்தும் கட்டிக்கொள்கிறான் என்றார்கள். கட்டிக்கொள்கிறானே என்பதை ஒரு உபகாரம்போலச் சொன்னார்கள். அனுசுயாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை.

கம்பெனி பேரைச் சொல்லிப் போலீஸுக்குப் போனது ஈஸ்வரமூர்த்தி காதுக்கு எட்டியதும், டைம் ஆபீஸ் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவளைச் செக்கிங்குக்குப் போகச் சொன்னார்கள். அவள் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் ஷிப்டு முடிந்து பெண்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அவர்களை வழியில் நிறுத்தினாள். கூட்டம் கூடட்டும் என்றுதான் நின்றாள். உங்கள் நம்பர் வெளியே போனது இந்த ஆபீஸிலிருந்துதான், சாஃப்ட்வேரை ஏற்றினது நான்தான், உங்கள் யார் பேரிலும் தப்பு இல்லை, வீட்டில் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள் என்றாள். தூரத்தில் வார்டன் பழனியம்மாள் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

அனுசுயா ஏதாவது எதிர்பார்த்தாளா என்றால், எதிர்பார்த்தாள்தான். யாராவது கையைப் பிடிப்பார்கள் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது. விஜயராணி என்ற பெண், மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு அழுதவள், முன்னால் வந்தாள்.

"அப்ப நீங்க எங்கள அத்தன பேரு முன்னாடி அப்படிக் கேட்டீங்களேக்கா. இன்ஸ்டால எவன் கூடப் பேசுறன்னு."

"கேட்டேன்" என்றாள் அனுசுயா.

"இப்ப வந்து சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

இப்போது அனுசுயா அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. டைம் ஆபீஸ் அனுபவம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லித்தான் சேர்ந்தாள். முன்னைப்போலக் கால் தாங்குவதில்லை. பழைய கம்பெனிக்கு ஆர்டர் கூடியிருக்கிறது, பின்னால் புது ஷெட் போடுகிறார்கள் என்று மாதவன் எங்கேயோ கேட்டு வந்து சொன்னான்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தெரியாத நம்பர் என்றாலே அவள் எடுப்பதில்லை. இரண்டாம் தடவை அடித்தபோது எடுத்தாள். தரணி. வீட்டுக்காரருடைய போன் என்றாள், அவர் குளிக்கப் போயிருக்கிறார் என்றாள். குரல் தணிந்து இருந்தது. நல்லாயிருக்கியா என்று கேட்டதற்கு, இருக்கேன் என்றாள். மிஷின் வைத்திருக்கிறாயா, தைக்கிறாயா என்று அனுசுயா கேட்டாள்.

"சித்தி, அவன் யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா. போலீஸ்ல இன்னும் ஒண்ணும் சொல்லல."

"இங்க தெனமும் கேக்குறாரு சித்தி. அவன் பேரென்ன, எந்த ஊருன்னு. தெரியாதுன்னு சொன்னா மறைக்கிறேங்கிறாரு." குரலை இன்னும் தணித்தாள். "ஏதாவது ஒரு பேரச் சொல்லிரலாமான்னு இருக்கு. சொல்லிட்டா கேக்குறத நிறுத்திருவாருல்ல?"

"சொல்லாத தரணி."

"ஏன்?"

அனுசுயா வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தரணி போனை வைத்துவிட்டாள்.